பேராயர் வந்தால் என்ன செய்வார்? யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞானஸ்நான வாக்கைப் பிள்ளைகள் தாங்களே உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கான வகுப்பில் அவர்கள் கேட்டவை, செத்தவீட்டு முற்றத்தில் இந்து உறவினர்கள் கேட்டவை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கேட்டவை என்று பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் குருவானவர் அல்ல. சபைக் குழுவில் இருந்து பேராயர்களின் வருகைகளுக்கு ஒழுங்கு செய்த ஒரு சபை அங்கத்தவர். அந்த இடத்தில் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எத்தனை பேராயர்கள்? எங்களுடையவர் யார்?

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். கத்தோலிக்கருக்கு யாழ்ப்பாணத்திலேயே ஆயர் இருக்கிறார். தென்னிந்திய திருச்சபையின் யாழ் ஆதீனத்துக்கும், அதாவது அவர்களுடைய மறைமாவட்டத்துக்கும், இங்கேயே ஒரு பேராயர். அவருடைய தலைமை ஆலயம் வட்டுக்கோட்டையில். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த அங்கிலிக்கன் சபைகளான எங்களுக்குத்தான் பேராயர் கொழும்பில் இருக்கிறார். சுண்டுக்குளி, நல்லூர், கோப்பாய் எல்லாம் இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மறைமாவட்டம் 1845இல் உருவானது. முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன். 1950இல் குருநாகல் மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தபோதும் வடக்கு கொழும்புடனேயே நின்றது.

தென்னிந்திய திருச்சபைக்காரரும் நாங்களும் ஒன்றா என்று கேட்பார்கள். உறவுக்காரர், ஆனால் வீடு வேறு. அவர்களுடைய யாழ் ஆதீனம் 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனின் வழிவந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் திகதி சென்னையில் தென்னிந்திய திருச்சபை தொடங்கியபோது அமெரிக்க மிஷன் சபைகள் அதில் இணைந்தன. சபாபதி குலேந்திரன் அவர்களின் முதல் பேராயர் ஆனார். இலங்கை அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அப்போது இணையவில்லை. இலங்கைக்கென்று தனி ஐக்கியத் திட்டம் ஒன்று பேசப்பட்டு வந்தது. அது 1970களின் தொடக்கத்தில் கைகூடாமல் போயிற்று. போனது எனக்கு இன்னும் கவலைதான். ஆனாலும் அவர்களுடைய பலிபீடத்தில் நாங்கள் நற்கருணை எடுக்கிறோம், எங்களுடையதில் அவர்கள் எடுக்கிறார்கள்.

அங்கிலிக்கன் சபை இங்கே எப்படி வந்தது?

1818இல் சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கம் இலங்கைக்கு நான்கு மிஷனரிமாரை அனுப்பியது. அவர்களில் ஜோசப் நைட் யாழ்ப்பாணம் வந்து நல்லூரில் பணியைத் தொடங்கினார். 1823இல் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் இன்றைய பரியோவான் கல்லூரி. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி 1896இல் வந்தது. இங்கே பாடசாலையும் ஆலயமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தன. பேராயர் யாழ்ப்பாணம் வந்தால் கல்லூரிக்கும் ஒரு நடை போவதற்குக் காரணம் அதுதான்.

பேராயர் கொழும்பில் இருந்தால் இங்கே யார் பார்ப்பது?

அன்றாடம் பார்ப்பவர் அந்தந்தச் சபையின் குருவானவர். அவர்களுக்கு மேல், பேராயரின் சார்பில் வடக்கைக் கவனிக்க யாழ்ப்பாணத்துக்கென்று ஓர் ஆர்ச்டீக்கன் இருக்கிறார். ஆலயக் கட்டடம், காணி, குருவானவர் குடியிருக்கும் குருமனை, கணக்கு, சபைக்குள் எழும் சச்சரவு எல்லாம் முதலில் அவரிடம்தான் போகும். அவரும் ஒரு குருவானவரே. பெரும்பாலும் தன் சபை வேலையோடு சேர்த்துத்தான் இதையும் சுமக்கிறார்.

தூரம் என்பது இங்கே வெறும் நானூறு கிலோமீற்றர் கணக்கு அல்ல. 1990இல் போரால் ரயில் நின்றது, தெற்கையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதையும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆட்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்த காலம் அது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது குருவானவர்களும் சனத்தோடு சனமாக நடந்தார்கள். 2002இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்ப மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகும் யாழ் தேவி ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர 2014 ஒக்டோபர் ஆயிற்று. இத்தனை ஆண்டுகளில் ஒரு பேராயர் வடக்குக்கு வருவதென்றாலே அனுமதி, விமானம் அல்லது கப்பல், காத்திருப்பு என்று நாட்கள் போகும். அவர் வந்து சேர்ந்ததே ஒரு செய்தி: உங்களை மறக்கவில்லை. அந்தக் காலத்தை அறிந்த முதியவர்கள் பேராயர் வருகை என்றால் இன்றைக்கும் விடியவே வெளிக்கிட்டு ஆலயத்தில் இருப்பார்கள். இளையவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பேராயர் ஒரு சபைக்கு வந்தால் உண்மையில் என்ன செய்வார்?

நற்கருணை ஆராதனை நடத்துவார், பிரசங்கம் செய்வார், ஆயத்தமான பிள்ளைகளைத் திடப்படுத்துவார். ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைப் பார்த்துக் கையெழுத்திடுவதும் வழக்கம். சபைக் குழுவுடன் இருந்து கதைப்பார். இவை எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆராதனை முடிந்த பிறகு வருகிற நேரம். நாங்கள் அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்று பாருங்கள். வாசலில் மாலை, பாண்ட் வாத்தியம், பாடசாலைப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். அப்புறம் மண்டபத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு வரவேற்புரை. அதன் பின் கேக், வடை, சோடா. பிறகு படம் எடுத்தல். பன்னிரண்டரை ஆகிவிடும், அடுத்த சபையில் மத்தியானச் சாப்பாடு காத்திருக்கும். பேராயர் எங்கள் குருவானவரோடு தனியாகப் பத்து நிமிடம்கூட இருந்திருக்கமாட்டார். வீட்டில் படுக்கையில் கிடக்கிற யாரையும் பார்த்திருக்கமாட்டார். விருந்தோம்பல் எங்கள் பண்பு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வரவேற்புரைகளை ஒன்றாகக் குறைத்தால் இரண்டு வீடுகளுக்குப் போய் வரலாம். இதைச் செய்த சபைகள் உண்டு. அங்கே பேராயரின் பிரசங்கம் பல பேருக்கு மறந்துபோயிருக்கிறது. அவர் எந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து செபித்தார் என்பது யாருக்கும் மறக்கவில்லை.

அந்த வீட்டுச் சந்திப்புகளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

எங்கள் சபைகளில் பாதிக் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோதான். பெரிய வீடு, சுற்றி மதில், உள்ளே எண்பது வயதுத் தம்பதி அல்லது தனியாக ஒருவர். கிழமைக்கு ஒரு நாள் வட்ஸப்பில் பேரப்பிள்ளையைப் பார்ப்பார்கள். ஆலயத்துக்கு வர முடியாது, நற்கருணை வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதைக் கொண்டுபோகிறவர் சபைக் குருவானவர். பேராயரும் ஒரு முறை அந்தப் படியேறினால், தாங்கள் இன்னும் இந்தச் சபையின் ஆட்கள்தான் என்று அந்த முதியவர்களுக்குத் தெரியும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளும் உண்டு. அங்கே போகிறவர் எவராக இருந்தாலும் பதில் கொண்டுபோக முடியாது. ‘கடவுளின் சித்தம்’ என்று சொல்லி எழும்பி வரவும் கூடாது. மகனின் படத்தை எடுத்துக் காட்டினால் பார்க்க வேண்டும், பெயரைக் கேட்டுச் செபத்தில் சொல்ல வேண்டும். பேராயர் அந்தஸ்தில் இருப்பவருக்கு இன்னொரு கடமையும் சேர்கிறது. அந்தத் தாய் சொன்னதைக் கொழும்பில் கேட்க வேண்டியவர்களின் காதில் போடக்கூடியவர் அவர்தான்.

திடப்படுத்தலுக்கு ஏன் பேராயரே வர வேண்டும்? எங்கள் குருவானவர் செய்யக்கூடாதா?

அங்கிலிக்கன் முறையில் கை வைத்துத் திடப்படுத்துவது பேராயரின் பணி. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளைக்காகச் சொன்ன வாக்கைப் பிள்ளை இப்போது தன் வாயால் சொல்கிறது. அதைக் கேட்பவர் அந்த ஊருக்கு மட்டும் உரியவராக இல்லாமல் முழு மறைமாவட்டத்துக்கும் உரியவராக இருப்பதில் ஒரு கருத்து இருக்கிறது. நல்லூரில் முழந்தாளிட்ட பிள்ளை மொறட்டுவையில் முழந்தாளிட்ட பிள்ளையோடு ஒரே குடும்பத்தில் சேர்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். டியூசன் இருக்கிறது என்று திடப்படுத்தல் வகுப்பைத் தவற விடாதீர்கள்.

பேராயருக்கும் குருவானவர்களுக்கும் என்ன உறவு? அவர் மேலதிகாரியா?

சட்டப்படி பார்த்தால் ஓரளவு அப்படித்தான். குருவாக ஏற்படுத்தப்படும் அபிஷேகத்தின்போது குருவானவர் பேராயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். எந்தச் சபையில் பணி செய்வதற்கும் பேராயரின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு இலங்கை வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1876இல், வந்து அதிக காலம் ஆகாத இளம் பேராயர் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் சி.எம்.எஸ். மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களை ரத்துச் செய்தார். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மத்தியில் நடந்த பணி யாருடைய பொறுப்பில் நடப்பது, பேராயரா சங்கமா என்பதுதான் தகராறின் மையம். தீர்ப்பதற்கு இங்கிலாந்திலிருந்த பேராயர்கள் தலையிட வேண்டியதாயிற்று.

ஆனால் பேராயரின் அபிஷேக ஆராதனையைப் படித்துப் பாருங்கள். 1662ஆம் ஆண்டுச் செப புத்தகத்தின் அந்த முறையில் புதிய பேராயரிடம் சொல்லப்படுவது: மந்தைக்கு மேய்ப்பனாக இரு, ஓநாயாக இராதே, பலவீனரைத் தாங்கு, நோயாளிகளைக் குணமாக்கு, உடைந்தவர்களைக் கட்டு, தள்ளுண்டவர்களைத் திரும்பக் கொண்டுவா, காணாமற்போனவர்களைத் தேடு. ஏழைகளுக்கும் திக்கற்ற அந்நியருக்கும் இரக்கம் காட்டுவாயா என்றும் கேட்கப்படுகிறது. இந்த மந்தையில் குருவானவர்களும் அடக்கம். இதைத்தான் நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஒரு குருவானவரின் கிழமையை யோசித்துப் பாருங்கள். காலையில் ஆஸ்பத்திரி, பத்து மணிக்கு அடக்கம், பின்னேரம் கலியாணப் பேச்சில் குழம்பிய ஒரு குடும்பம், இரவு சபைக் குழுக் கூட்டம். அங்கே கூரை ஓட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் சண்டை. குருமனை சபைக்குச் சொந்தம். அவருடைய மனைவி எந்தத் திரைச்சீலை போட்டாலும் கருத்துச் சொல்ல நாலு பேர். சம்பளம் அதிகம் இல்லை. போர்க்காலம் முழுக்க இங்கே இருந்தவர்களாகட்டும், அப்புறம் வந்தவர்களாகட்டும், ஊராரின் துக்கத்தைக் கேட்டுக் கேட்டே நாள் போகிறது. அவருக்கு வருத்தம் என்றால் யார் கேட்பது? சபையாரிடம் சொல்ல முடியாது. அடுத்த சபைக் குருவானவரிடம் சொன்னால் பரவிவிடுமோ என்ற பயம். பேராயர் கேட்க வேண்டும். ‘சபை எப்படி?’ என்று கேட்பது போதாது. ‘நீர் நித்திரை கொள்கிறீரா? கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்? பிள்ளையின் படிப்பு எப்படி?’ என்று கேட்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கேட்பவர் கையில்தான் இடமாற்றமும் ஒழுக்க நடவடிக்கையும் இருக்கின்றன. தன் அடுத்த இடத்தைத் தீர்மானிப்பவரிடம் ஒருவர் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டமாட்டார். ஆகவே ஒவ்வொரு குருவானவருக்கும் பேராயர் அல்லாத, நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத ஓர் ஆன்மீக வழிகாட்டி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆளைத் தேடிக் கொடுப்பதும், அதற்கான நேரத்தையும் பயணச் செலவையும் ஒதுக்கிக் கொடுப்பதும் பேராயரின் பணிதான்.

குருவானவர்களை ஏன் மாற்றுகிறார்கள்? எங்களுக்குப் பிடித்தவரை வைத்திருக்க முடியாதா?

குருவானவர் முழு மறைமாவட்டத்துக்கும் உரியவர். கொழும்பில் பணி செய்தவர் கோப்பாய்க்கு வருவதும், இங்கிருந்து மலையகத்துக்குப் போவதும் நடக்கும். பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர், மொழி எல்லாவற்றையும் பேராயர் பார்க்கத்தான் வேண்டும். எல்லோருக்கும் பொருந்துகிற முடிவு கிடைப்பது அரிது.

இங்கே யாழ்ப்பாணத்து நோய் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பெட்டிசம். குருவானவரைப் பிடிக்கவில்லை என்றால் கையெழுத்து இல்லாத ஒரு கடிதம் கொழும்புக்குப் போகும். பிடித்தவரை மாற்றினாலும் போகும். மொட்டைக் கடிதத்தின் பேரில் எந்தப் பேராயரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அதில் எழுதியிருப்பது பொய்யாக இருந்தால் ஒரு மனிதரின் பெயர் கெடும்; உண்மையாக இருந்தாலும் விசாரிக்க வழி இல்லை. உங்களுக்கு முறைப்பாடு இருந்தால் முதலில் குருவானவரிடமே நேரில் சொல்லுங்கள். பிறகு சபையின் பொறுப்பாளர்களான வார்டன்மார், பிறகு ஆர்ச்டீக்கன். பெயர் போட்டு எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ யாராவது தீங்கு செய்தால் எந்தப் படியிலும் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே பொலிசுக்கும் பேராயருக்கும் சொல்லுங்கள். அதை அமுக்கப் பார்க்கிறவர் சபையின் மானத்தைக் காப்பாற்றவில்லை.

பேராயர் சிங்களவராக இருந்தால் எங்களைப் புரிந்துகொள்வாரா?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி, உரத்தே கேட்கலாம். கொழும்பு மறைமாவட்டத்துக்குத் தமிழ்ப் பேராயர்களும் இருந்திருக்கிறார்கள், சிங்களப் பேராயர்களும் இருந்திருக்கிறார்கள். தமிழ் தாய்மொழியாக இல்லாத பேராயர் திருவிருந்துச் செபங்களைத் தமிழில் சொல்லப் பழகி வந்து சொல்லும்போது உச்சரிப்பு தடக்கும். அந்தத் தடக்கலை எங்கள் பாட்டிமார் யாரும் குறையாக எடுத்ததில்லை. தமிழ் பழகாமல் ஆங்கிலத்திலேயே முழு ஆராதனையையும் நடத்திவிட்டுப் போனால்தான் மனம் நோகும்.

புரிந்துகொள்ளுதல் இரத்தத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு லக்ஷ்மன் விக்கிரமசிங்க சாட்சி. 1962 முதல் குருநாகல் பேராயராக இருந்தவர், சிங்களவர். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு, தன் கடைசி மேய்ப்புப் பணி உரையில், தன் இனத்தார் செய்ததற்காக வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சொந்த மக்களுக்கே சொன்னார். அந்த ஆண்டு ஒக்டோபரில் காலமானார். அவர் எங்கள் மறைமாவட்டத்துப் பேராயர் அல்ல. ஆனால் ஒரு பேராயர் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். தமிழரிடம் வந்து தமிழரின் துன்பத்தைச் சொல்வது சுலபம். தன் ஆட்களிடம் போய்ச் சொன்னார் அவர். நாங்களும் எங்கள் ஆட்களிடம் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

சபைக்குள் சாதி பார்ப்பதைப் பற்றிப் பேராயர் என்ன செய்ய முடியும்?

ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். பிறகு கலியாணம் என்று வந்ததும் ‘ஆட்கள் எப்படி?’ என்று விசாரிக்கிறோம். சபைக் குழுவுக்கு யார் வருவது, வார்டன் யார் என்பதிலும் அது மறைந்து நிற்கிறது. பேராயர் ஒரு சுற்றறிக்கையால் இதை மாற்ற முடியாது. ஆனால் எல்லாரும் ஒதுக்கி வைத்திருக்கிற சிறிய சபைக்கு முதலில் போகலாம், அங்கே சாப்பிடலாம், அங்கிருந்து வருகிற இளைஞரைக் குருத்துவப் பயிற்சிக்கு அனுப்பலாம். பெரிய ஆலயத்துக்கு மட்டும் வந்து போகிற பேராயரால் இது ஆகாது.

பெண்கள் குருவானவராகலாமா?

ஆகலாம். இலங்கைத் திருச்சபையில் 2006 முதல் பெண்களும் குருக்களாக அபிஷேகம் பெற்றிருக்கிறார்கள். குருத்துவக் கல்வி பெரும்பாலும் பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரியில். அங்கே மெதடிஸ்த, பப்ரிஸ்த மாணவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.

நாங்கள் இந்துக் குடும்பம். வேதக்காரரான பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் பேராயர் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

விசேஷமாக எதுவும் இல்லை. வணக்கம் சொல்லுங்கள், ஒரு கதிரை கொடுங்கள். ‘பேராயர் ஐயா’ என்று கூப்பிட்டால் போதும். அவர் செபிக்கும்போது எழும்பி நின்றால் மரியாதை. யாழ்ப்பாணத்தில் ஒரே குடும்பத்தில் திருநீறும் சிலுவையும் இருப்பது பழக்கமானது, பேராயருக்கும் அது தெரியும். அடக்க ஆராதனைக்கு முன் உங்கள் வழக்கப்படி ஏதாவது செய்ய விரும்பினால் குருவானவரிடம் முன்னரே கேளுங்கள். சவப்பெட்டிக்கு முன் நின்று வாக்குவாதப்படாதீர்கள்.

பேராயரை எங்கள் சபைக்கு அழைக்க என்ன செய்ய வேண்டும்?

குருவானவர் வழியாக எழுதுங்கள், பல மாதங்களுக்கு முன்பே. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், தங்குமிடமும் கிடைக்காது. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் திடப்படுத்தல் வைத்தால் பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

கடிதத்தோடு ஒரு பட்டியல் அனுப்புங்கள். வரவேற்புரை சொல்பவர்களின் பட்டியல் வேண்டாம். நோயாளிகள், தனியாக இருக்கிறவர்கள், சபையோடு கோபித்துக்கொண்டு வராமல் விட்டவர்கள் ஆகியோரின் பெயர்களை அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். குருவானவருக்கும் பேராயருக்கும் தனியாக ஒரு மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் குருமனைக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது வார்டன்மாரின் பொறுப்பு.